கன்று பெறும் முதற் காப்பு

குதிரை பெரும்பாலும் இரவிலேயே ஈனும். பகலெல்லாம் கொட்டிலில் அமைதியாக நின்ற பெட்டைக் குதிரை, காவலர் கண்ணயர்ந்த நள்ளிரவிலோ வைகறைக்கு முன்னரோ படுத்து, அரை மணி நேரத்திற்குள் கன்றை ஈன்றுவிடும். பகை விலங்குகள் திரியும் புல்வெளிகளில் எண்ணற்ற தலைமுறைகள் வாழ்ந்த விலங்கு அது. இருளும் விரைவுமே அதற்கு அரண். பிறந்த கன்றும் அவ்வாறே விரைவுடையது. ஏறத்தாழ 11 மாதம் தாயின் வயிற்றில் வளர்ந்து, பந்தயக் குதிரை இனங்களில் 50 கிலோ அளவு எடையோடு பிறக்கும் அது, உடலின் ஈரம் உலருமுன்னரே தன் நெடிய கால்களைப் பரப்பி எழ முயல்கிறது, விழுகிறது, மீண்டும் எழுகிறது. 1 மணி நேரத்திற்குள் கன்று நிற்க வேண்டும். 2 மணி நேரத்திற்குள் தாயின் மடியைக் கண்டு பால் உண்ண வேண்டும். 3 மணி நேரத்திற்குள் தாயின் நஞ்சுக்கொடி விழ வேண்டும் என்பது குதிரை வளர்ப்போர் கைக்கொள்ளும் கணக்கு. மனிதக் குழந்தை ஓராண்டிற் கற்கும் நிலையை இக்கன்று ஒரு மணியிற் கற்றுவிடுகிறது.

புறத்தே இத்துணை முதிர்ச்சியோடு தோன்றும் இவ்வுயிர், அகத்தே ஒரு பெருங்குறையோடு பிறக்கிறது. அதன் குருதியில் நோயை எதிர்க்கும் பொருள் அநேகமாக இல்லை. கொட்டிலின் வைக்கோலிலும் மண்ணிலும் தாயின் மேனியிலும் கண்ணுக்குப் புலப்படாத கோடிக்கணக்கான நோயுயிர்கள் உள்ளன. அறுபட்ட கொப்பூழும் திறந்த வாயும் அவற்றிற்கு வாயில்கள். காப்பு ஏதும் பெறாத கன்று, முதல் நாள் துள்ளி விளையாடினும், சில நாட்களுக்குள் குருதி நச்சுப்பட்டு இறத்தல் கூடும். இக்குறையை இயற்கை எவ்வாறு நிறைவு செய்கிறது, அதற்கு மனிதன் எவ்வாறு துணை நிற்கலாம் என்பதே இப்பாடத்தின் பொருள்.

இங்கே பெயர் பற்றி ஒரு சொல். பேச்சு வழக்கில் நாம் குதிரைக்குட்டி என்கிறோம். ஆயின் தொல்காப்பிய மரபியல், யானை, குதிரை, கழுதை முதலியவற்றின் இளமைக்குக் கன்று என்னும் பெயரையே உரிமையாக்குகிறது. பெண்குதிரையைப் பெட்டை எனக் கூறுதலும் அந்நூல் காட்டும் மரபே. பழைய மரபு இருக்க, அதனை விடுவானேன்? ஆதலின் கன்று என்றும் பெட்டை என்றுமே இங்கு வழங்குவோம்.

நோயுயிர் ஒன்று உடலினுட் புகுந்தால், அதனைப் பற்றி அழிப்பதற்கு உரிய புரதப் பொருள்கள் குருதியில் உண்டாகின்றன. அவற்றை எதிர்ப்பொருள்கள் என்பர். ஒவ்வொரு பகைக்கும் ஒவ்வொரு படை. ஒரு நோய்க்கு எழுந்த எதிர்ப்பொருள் மற்றொரு நோய்க்கு உதவாது. ஆண்டு பலவாக வாழ்ந்து பல நோய்களைக் கண்ட தாய்க்குதிரையின் குருதியில் இப்படைகள் நிரம்ப உள்ளன. அங்ஙனமிருக்க, அத்தாயின் வயிற்றிலே 11 மாதம் கிடந்த கன்றுக்கு அவை ஏன் கிடைக்கவில்லை?

விடை நஞ்சுக்கொடியின் அமைப்பில் உள்ளது. மனித இனத்தில் கருவின் நஞ்சுக்கொடி தாயின் குருதியிலேயே நேரே தோய்ந்து நிற்கிறது. அதனால் தாயின் எதிர்ப்பொருள்களுட் பெரும்பகுதி, பிறப்பதற்கு முன்னரே குழந்தையின் உடலைச் சேர்கிறது. குதிரையிலோ தாயின் குருதிக்கும் கன்றின் குருதிக்கும் இடையே ஆறு அடுக்குத் திசுக்கள் நிற்கின்றன. மூன்று அடுக்குத் தாயினுடையவை, மூன்று கன்றினுடையவை. உணவும் உயிர்வளியும் அவற்றைக் கடந்து செல்லும். எதிர்ப்பொருளின் பெரிய மூலக்கூறுகள் கடக்கமாட்டா. கன்று தானே எதிர்ப்பொருளை ஆக்கவல்லதுதான். ஆனால் அதன் படை இன்னும் போர் முகம் காணாத படை. போதிய அளவு ஆக்கிக்கொள்ள வாரங்கள் பல ஆகும். நோயுயிர்கள் அதுவரை காத்திருப்பதில்லை.

இதில் வியப்பொன்று உண்டு. உலகத்துக் குழந்தைகளை நோயினின்று காத்த விலங்குகளுள் குதிரை முதன்மையானது. 1890-ஆம் ஆண்டில் பெர்லின் நகரில் எமில் வான் பேரிங் என்பாரும் ஜப்பானியராகிய கித்தாசாட்டோ என்பாரும், நோயை எதிர்க்கும் ஆற்றலை ஓர் உயிரின் குருதி ஊனீரிலிருந்து எடுத்து மற்றோர் உயிருக்கு வழங்கலாம் என்று நிறுவினர். 1894-ஆம் ஆண்டிற் பாரிசு நகரத்து எமில் ரூ, குதிரைகளின் உடலில் அவ்வாற்றலை வளர்த்து, அவற்றின் ஊனீரைக் கொண்டு தொண்டை அடைப்பான் நோயுற்ற குழந்தைகளைக் காப்பாற்றியதை உலகறியச் செய்தார். பாம்பு நஞ்சை முறிக்கும் மருந்தும் இன்றளவும் பெரும்பாலும் குதிரைக் குருதியிலிருந்தே கிடைக்கிறது. பிறருக்கெல்லாம் காப்பு வழங்கும் இவ்விலங்கின் சொந்தக் கன்று வெறுங்குருதியோடு பிறக்கிறது.

தாய் தன் பாலின் வழியே காப்பை அளிக்கிறாள் என்பதை ஆய்வினால் தெளிவாகக் காட்டியவர் செருமானிய அறிஞர் பால் எர்லிக். அவர் 1892-இல் வெளியிட்ட ஆய்வுக்குக் கருவியாக நின்றவை நம் வேலியிலும் கொல்லையிலும் விளையும் இரு வித்துக்களின் நஞ்சுகள்: ஒன்று குன்றிமணியின் நஞ்சு; மற்றொன்று ஆமணக்கு வித்தின் நஞ்சு. பெண் சுண்டெலிகளுக்கு அந்நஞ்சைச் சிறிது சிறிதாகக் கொடுத்துப் பழக்கினார். அவை நஞ்சை எதிர்க்கும் ஆற்றல் பெற்றன. பின்னர், அவ்வாற்றல் பெறாத எலிகள் ஈன்ற குட்டிகளை எடுத்து, ஆற்றல் பெற்ற எலிகளிடம் பால் உண்ண விட்டார். செவிலித்தாயின் பாலை உண்ட அக்குட்டிகள் நஞ்சுக்குத் தப்பின. பெற்றவள் கொடாத காப்பைப் பாலூட்டியவள் கொடுத்தாள் என்பது இதனால் விளங்கிற்று. தந்தை எலியிடமிருந்து இக்காப்பு மக்களுக்கு வாராமையையும் எர்லிக் கண்டார். 1922-இல் அமெரிக்காவில் தியோபால்ட் ஸ்மித், ரால்ஃப் லிட்டில் என்னும் இருவர், சீம்பால் பெறாத பசுங்கன்றுகளுட் பல சின்னாட்களில் மடிதலையும், அது பெற்றவை பிழைத்தலையும் காட்டினர். குதிரையும் பசுவும் இவ்வகையில் ஒத்தவை.

ஈன்றவுடன் மடியில் உள்ள பாலைச் சீம்பால் என்கிறோம். கடும்பு என்றும் வழங்குவர். ஈன்ற அணிமையைச் சுட்டுவதற்குப் புனிறு என்று ஒரு தனிச்சொல்லே பழந்தமிழில் உண்டு. அதன் பொருளைத் தொல்காப்பிய உரியியல் கூறும். சின்னாளே நிற்கும் ஒரு நிலைக்குத் தனிச்சொல் வேண்டுமளவுக்கு நம் முன்னோர் அதனை உற்று நோக்கியிருக்கின்றனர். ஆயினும் நம் வீடுகளில், பசு ஈன்றதும் சீம்பாலைக் கறந்து வெல்லமிட்டுக் காய்ச்சி உண்பதும், அண்டை வீட்டாருக்கு வழங்குவதும் கண்கூடு. கன்று வயிறார உண்டபின் எஞ்சியதைக் கொள்ளுதல் குற்றமன்று. அது உண்ணுமுன்னரே கலத்தை எடுத்துச் செல்லுதல் கன்றின் உயிரோடு விளையாடுதலாம்.

குதிரையின் சீம்பால் தடித்து, பிசுபிசுப்போடு, மஞ்சள் சாயல் பெற்றிருக்கும். ஈனுவதற்கு முந்திய இரண்டு முதல் நான்கு வாரங்களில், தாயின் குருதியிலுள்ள எதிர்ப்பொருள்களை மடி ஈர்த்துச் சேர்த்து வைக்கிறது. ஈனும் நாள் நெருங்கியதும் காம்பின் நுனியில் மெழுகு போன்ற துளிகள் தோன்றும். மடி நிறைந்தது என்பதற்கு அஃது அறிகுறி. இச்சேமிப்பு ஒரே ஒரு முறைக்கு உரியது. கன்று பிறந்து ஒரு நாள் ஆவதற்குள் சீம்பால் நீங்கிச் சாதாரணப் பால் சுரக்கத் தொடங்கிவிடும். அதில் உணவுண்டு, எதிர்ப்பொருள் மிகக் குறைவு.

தாயின் மடி மட்டுமன்று, கன்றின் குடலும் நாழிகையை எண்ணிக்கொண்டிருக்கிறது. உண்ட புரதத்தைச் சிதைத்துச் சிறு கூறுகளாக்கிய பின்னரே உட்கொள்ளுதல் குடலின் இயல்பு. அவ்வாறு சிதைத்தால் எதிர்ப்பொருள் எதிர்ப்பொருளாக இராது, வெறும் உணவாகிவிடும். ஆகவே பிறந்த கன்றின் சிறுகுடலிற் சிறப்பான உயிரணுக்கள் சில அமைந்துள்ளன. அவை எதிர்ப்பொருளைச் சிதைக்காமல் முழுமையாக விழுங்கிக் குருதியிற் சேர்க்கின்றன. முதல் ஆறு அல்லது எட்டு மணி நேரத்தில் இவ்வாற்றல் மிகுந்திருக்கும். 12 மணி கழிந்தால் பெரிதும் குன்றும். 24 மணி அளவில் அற்றுப்போகும். அச்சிறப்பணுக்கள் உதிர்ந்து சாதாரண அணுக்கள் அவ்விடத்தைக் கொள்கின்றன, கதவு அடைபடுகிறது. அதன்பின் குடங்குடமாகச் சீம்பால் ஊட்டினும் அது குருதியைச் சேராது. கன்றின் உயிர்க்காப்பு முழுவதும் ஒரு நாளில், அதிலும் அந்நாளின் முற்பாதியில் அடங்கியிருக்கிறது.

ஆகவே கன்றைக் காக்க விரும்புவோர் கன்று பிறந்தபின் தொடங்குதல் காலம் கடந்த செயலாகும். தாயிடமே தொடங்குதல் வேண்டும். கருவுற்ற பெட்டைக்கு, ஈனுவதற்கு 4 முதல் 6 வாரங்களுக்கு முன்னர்த் தடுப்பூசி இடுகின்றனர். டெட்டனஸ் என்னும் இசிவு நோய், குதிரைச் சளிக்காய்ச்சல், அவ்வவ் நாட்டில் உள்ள மூளையழற்சி நோய்கள் ஆகியவற்றிற்கு இவ்வூசிகள் இடப்படும். இசிவு நோயின் நஞ்சைத் தாங்கும் வன்மை குதிரைக்கு மிகக் குறைவு. கன்றின் கொப்பூழ் வழியே அந்நோய் புகுதலும் எளிது. ஊசி பெற்ற தாயின் உடலில் இரண்டு மூன்று வாரங்களில் எதிர்ப்பொருள் பெருகுகிறது. மடி சேமிக்கத் தொடங்கும் காலமும் அதுவே. மிக முன்னர் இட்டால், மடி நிறையும் வேளையிற் குருதியிற் பொருள் குன்றியிருக்கும். மிகப் பின்னர் இட்டால், பொருள் உண்டாகுமுன்னரே கன்று பிறந்துவிடும். ஒருமுறையும் ஊசி பெறாத பெட்டையாயின், இந்த ஒன்று போதாது. முன்கூட்டியே தொடங்கி ஒன்றுக்கு மேற்பட்ட முறை இடல் வேண்டும்.

ஊசியால் மட்டும் எல்லாம் ஆவதில்லை. ஒவ்வோர் இடத்து மண்ணிலும் காற்றிலும் வேறு வேறு நோயுயிர்கள் உள்ளன. ஆதலால் கன்று எந்தக் கொட்டிலிற் பிறக்க இருக்கிறதோ, அந்தக் கொட்டிலுக்குத் தாயை ஒரு மாதத்திற்குக் குறையாமல் முன்னரே கொண்டு சேர்க்கின்றனர். தாய் அவ்விடத்து நோயுயிர்களோடு பழகி, அவற்றிற்குரிய எதிர்ப்பொருளை ஆக்கி, மடியிற் சேர்க்கிறாள். ஈனும் தறுவாயில் நெடுந்தொலைவு ஏற்றிச் செல்லப்பட்ட பெட்டை, தான் விட்டுவந்த ஊரின் நோய்களுக்குக் காப்பளிப்பாளே அன்றி, புகுந்த ஊரின் நோய்களுக்கு அளிக்கமாட்டாள்.

அமெரிக்க நாட்டுக் கென்டக்கி மாநிலம் குதிரை வளர்ப்பிற்குப் பெயர் பெற்றது. அம்மாநிலத்து லெக்சிங்டன் நகரைச் சூழ்ந்த புல்வெளிகளில் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான பந்தயக் குதிரைக் கன்றுகள் பிறக்கின்றன. அங்கு விளையும் ஃபெஸ்கியூ என்னும் ஒருவகைப் புல்லினுள் கண்ணுக்குத் தெரியாத பூஞ்சை வாழ்கிறது. அதனை மேய்ந்த சினைப் பெட்டைகளுக்கு மடியில் பால் சுரவாது, நஞ்சுக்கொடியும் தடித்துப்போகும். தடுப்பூசி குறைவின்றி இட்டிருந்தும் சுரக்காத மடியால் கன்றுக்கு என்ன பயன்? ஆகவே ஈனுவதற்கு இரண்டு மூன்று மாதங்களுக்கு முன்னரே பெட்டைகளை அப்புல்வெளியிலிருந்து அகற்றி வேறு தீனி இடுகின்றனர்.

அம்மாநிலத்திலே நிகழ்ந்த வேறொரு செய்தி இன்னும் கருதத்தக்கது. இளங்கன்றுகளுக்குக் கழிச்சலை உண்டாக்கும் ரோட்டா வைரஸ் என்னும் நுண்ணுயிர் உண்டு. கழிச்சலால் நீர் வற்றிக் கன்று விரைவில் தளரும். அதற்கெனத் தடுப்பூசி ஒன்று 1990-களில் அமைந்தது. அது கன்றுக்கு இடுவதன்று. கருவுற்ற தாய்க்கு 8, 9, 10 ஆம் மாதங்களில் மும்முறை இடுவது. பால் வழியே வரும் எதிர்ப்பொருள் கன்றின் குடலிலேயே தங்கி நோயைத் தடுக்கும். இம்முறை நற்பயன் தந்துவந்தது. ஆனால் 2021-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், பிறந்து ஒரு வாரம் நிரம்பாத கன்றுகள் கென்டக்கிப் பண்ணைகளிற் கழிச்சலால் வாடின. தாய்கள் ஊசி பெற்றவை, கன்றுகள் சீம்பால் உண்டவை, கொட்டில்கள் தூய்மையானவை. கென்டக்கிப் பல்கலைக்கழகத்துக் குதிரை நோய் ஆராய்ச்சி நிலையத்தார் ஆராய்ந்தபோது காரணம் புலனாயிற்று. தடுப்பூசி 'ஏ' என்னும் வகை வைரசுக்கு உரியது. அவ்வாண்டு பரவியதோ 'பி' என்னும் வகையைச் சேர்ந்தது. தாயின் உடல் அப்பகையை அறிந்ததில்லை. அறியாத பகைக்குப் படை திரட்ட அதற்கு வழியில்லை. தாய் எதனை அறிந்திருக்கிறாளோ அதனை மட்டுமே கன்றுக்குக் கொடுக்க இயலும்.

இனி, காப்பு கிட்டாமற் போகும் இடங்களும் உள. சில பெட்டைகளுக்கு ஈனுவதற்குச் சில நாள் முன்னரே பால் சொட்டத் தொடங்கும். வளர்ப்போர் அதனைக் கண்டு மடி நிறைந்தது என்று மகிழ்வதுண்டு. உண்மையில் கன்றின் முதுசொம் தரையிற் சிந்துகிறது. சில வேளை தாய் ஈன்றவுடன் இறக்கும். சில வேளை கன்று எழமாட்டாத நலிவோடு பிறக்கும். முதல் ஈற்றுத் தாய் அஞ்சிக் கன்றை அண்டவிடாமல் உதைப்பதும் உண்டு. இவற்றை எண்ணி, பெரிய பண்ணைகளிற் சீம்பாற் சேமிப்பு வைத்திருக்கின்றனர். நல்ல சீம்பால் உடைய பெட்டையின் மடியிலிருந்து, அதன் கன்று உண்டபின், கால் லிட்டர் அல்லது சற்று மிகுதியாகக் கறந்து, நீர் உறையும் நிலைக்கும் 20 பாகை கீழான குளிரில் உறையவைத்தால் ஓராண்டு வரை கெடாது. வேண்டும்போது வெதுவெதுப்பான நீரில் வைத்து உருக்குவர். கொதிக்க வைத்தல் கூடாது. எதிர்ப்பொருள் வெந்து பயனற்றுப்போம்.

கன்று உண்டதைக் கண்ணாற் கண்டதனாலேயே காப்பு அமைந்துவிட்டது என்று கொள்ளுதல் தவறு. பிறந்து 18 முதல் 24 மணி நேரத்திற்குள் கன்றின் குருதியிற் சிறிது எடுத்து மருத்துவர் அளந்து பார்ப்பர். 100 மில்லி லிட்டரில் எதிர்ப்பொருள் 800 மில்லி கிராமுக்கு மேல் இருப்பின் நன்று. 400-க்குக் கீழ் இருப்பின் கன்று காப்பற்றது. குடற்கதவு அடைபட்டபின் வாய்வழி ஊட்டிப் பயனில்லை யாதலால், நலமுள்ள வேறொரு குதிரையின் குருதியிலிருந்து பிரித்த பிளாஸ்மா என்னும் நீர்ப்பகுதியை, ஒன்று அல்லது இரண்டு லிட்டர் அளவில், கன்றின் நரம்பிற் செலுத்துவர். செலவும் கவலையும் மிக்க வழி அது. நள்ளிரவில் விழித்திருந்து கன்றை மடியிற் சேர்த்த ஒரு கொட்டிற் பணியாளர் இவ்வளவையும் தேவையற்றதாக்கியிருப்பார்.

சீம்பாலே கன்றுக்குக் கூற்றாகும் இடம் ஒன்றும் உண்டு. கன்றின் குருதி வகை தந்தையை ஒத்துத் தாயின் வகைக்கு மாறுபட்டிருந்து, முந்திய ஈற்றில் அத்தகைய குருதி தாயின் உடலிற் கலந்திருக்குமாயின், தாயின் உடல் அதனைப் பகையெனக் கருதி அதற்கும் எதிர்ப்பொருள் ஆக்கும். அப்பொருளும் மடியிற் சேரும். கன்று நலமாகவே பிறந்து, நலமாகவே உண்டு, ஓரிரு நாளிற் குருதியணுக்கள் சிதைந்து கண்ணும் ஈறும் மஞ்சள் பூத்துத் தளரும். ஆண்கழுதைக்கும் பெட்டைக் குதிரைக்கும் பிறக்கும் கோவேறு கழுதைக் கன்றுகளில் இது மிகுதி. இவ்வாறு நிகழும் என்று முன்னரே சோதித்து அறிந்தால், கன்றின் வாய்க்கு இரண்டு நாள் வரை வாய்க்கூடை கட்டி, வேறொரு தாயின் சீம்பாலை ஊட்டுகின்றனர். குடற்கதவு அடைபட்ட பின்னர்த் தன் தாயிடமே விட்டால் தீங்கில்லை. பிற கன்றுகளுக்குக் கேடாகும் அவ்வடைப்பு இக்கன்றுக்குப் பாதுகாப்பாக முடிகிறது!

தாய் தந்த காப்பு நிலையானதன்று. குருதியிற் சேர்ந்த எதிர்ப்பொருள் ஏறத்தாழ மாதத்திற்கு ஒருமுறை பாதியாகக் குறைந்து வரும். கன்றின் சொந்தப் பொருளோ மெல்லவே பெருகும். இரண்டு மூன்று மாத அளவில், கடனாகப் பெற்றது தீர்ந்தும் தான் ஈட்டியது நிரம்பாமலும் ஓர் இடைவெளி நேர்கிறது. அக்காலத்தில் இளங்கன்றுகளைக் கூட்டமாக அடைக்காமலும் புதுக் குதிரைகளோடு கலக்காமலும் காத்தல் நலம். அவ்விடைவெளிக்கு அஞ்சிக் கன்றுக்கு முன்னதாகவே தடுப்பூசி இடலாமே என்று சிலர் எண்ணுவர். தாய் கொடுத்த எதிர்ப்பொருள் சிறிதளவு எஞ்சியிருப்பினும், அஃது ஊசி மருந்தையே பகையாகக் கருதி அழித்துவிடும். கன்றின் உடல் கற்க வேண்டிய பாடத்தைக் கல்லாது போகும். ஆதலின் ஊசி பெற்ற தாயின் கன்றுக்கு 4 முதல் 6 மாதம் நிரம்பிய பின்னரே முதல் ஊசி இடத் தொடங்குகின்றனர். கன்று பால் மறந்து தாயைப் பிரிந்து நிற்கும் பருவமும் அதுவே. அந்நாளில் தாயின் வயிற்றிலே பெரும்பாலும் அடுத்த கன்று நாலைந்து மாதக் கருவாக வளர்ந்துகொண்டிருக்கும்.